மாவுப் பாக்கெட்டிலிருந்து முழுத் தானியத்துக்கு: வடசென்னைக் கூழ்க்கடை ஒன்றின் ஓராண்டு

பின்னணி

தண்டையார்பேட்டையில் ஒரு தெருமுனையில் பதினாறு வருடமாகக் கூழ் விற்கிறார் ஓர் அக்கா. தள்ளுவண்டி, இரண்டு பெரிய அலுமினியக் குண்டான், ஒரு மண்பானை. காலை ஆறரைக்குக் கடை திறந்தால் பதினோரு மணிக்குள் பானை காலியாகிவிடும். குடிக்க வருபவர்களில் பாதிப் பேர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை வேலையை முடித்துவிட்டு வருபவர்கள். மீதிப் பேர் லாரி லோடுமேன்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். பலருக்கு அன்றைய முதல் சாப்பாடே இந்தக் கூழ்தான். மதியம் வரை பசி தாங்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கூழிடம் எதிர்பார்ப்பது.

நான் அதே தெருக்காரன். உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. அக்கா என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். இந்த மாற்றத்துக்கு யோசனை சொன்னவர்களில் நானும் ஒருவன். முதல் தவறான யோசனையும் என்னுடையதுதான். ஆட்களின் பெயர்களைத் தவிர்த்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூழ் வைக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் சிக்கலெல்லாம் அதில்தான் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மூன்று கிலோ கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து மூடிவைப்பார். அது இரவு முழுக்கப் புளிக்கும். மறுநாள் வியாபாரம் முடிந்து பதினொன்றரைக்கு ஒரு கிலோ அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு, புளித்த கரைசலை அதில் ஊற்றி, துடுப்பால் விடாமல் கிண்டுவார். வெந்து கெட்டியானதும் இறக்கி ஆறவைப்பார். அது இன்னொரு இரவு இருந்து, அடுத்த நாள் காலையில் மோரும் உப்பும் தண்ணீரும் சேர்த்துக் கரைக்கப்பட்டு டம்ளருக்கு வரும். ஆக, இன்று குடிக்கும் கூழ் முந்தாநாள் மாலை கரைத்தது. வேகும் முன் ஒரு புளிப்பு, வெந்த பின் ஒரு புளிப்பு. எண்பது, தொண்ணூறு டம்ளர் தேறும்.

இது தவிர, மாலை நேரத்தில் ராகி மால்ட்டும் கொஞ்சம் விற்பார். அதற்குக் கடையில் கிடைக்கும் தயார் மிக்ஸ். சர்க்கரையும் ஏலக்காய் வாசனையும் கலந்தே வரும். வெந்நீரில் கலக்கினால் போதும்.

ஏன் மாற நினைத்தார்கள்

போன மார்கழியில் ஒரே மாதத்தில் இரண்டு முறை மாவு சரியில்லாமல் வந்தது. ஒருமுறை பழைய மாவு வாசனை, இன்னொரு முறை பல்லில் மண் நெறித்தது. கேள்வி கேட்பவர்கள் அக்காவைத்தான் கேட்பார்கள். மாவை அரைத்தது யார், எப்போது அரைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. அப்புறம் விலை. கிலோ 65 ரூபாய்க்கு மாவு வாங்கும்போது கொத்தவால்சாவடிப் பக்கம் மொத்தக் கடையில் கேழ்வரகு 42 ரூபாய்க்குக் கிடைத்தது.

மூன்றாவது காரணத்தை ஒரு பெரியவர் சொன்னார். தினமும் வருபவர். டம்ளரை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், "கேவுரு வாசனையே இல்லமா" என்றார். அக்காவை அசைத்தது அந்த வார்த்தைதான். விலைக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான் போட்டோம்.

தையில் முடிவெடுத்தார்கள்: மாவுப் பாக்கெட்டும் வேண்டாம், மிக்ஸும் வேண்டாம், தானியமாக வாங்கிச் சுத்தம் செய்து, மில்லில் அரைத்து இரண்டையும் செய்வது. அக்காவின் மருமகள் வேலையைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டார்.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். எப்படியும் தானியத்திலிருந்து தொடங்கப் போகிறோம், முளைகட்டியே அரைத்துவிடலாமே, சத்து கூடுமே என்றேன். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பைட்டேட்டும் கூடவே இருக்கிறது. முளைகட்டினால் பைட்டேட் குறையும். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் முளைகட்டிய மாவு குண்டானில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நான் யோசிக்கவில்லை. சொல்லவும் இல்லை.

முதல் முயற்சி: மாசி

ஐந்து கிலோ கேழ்வரகை மருமகள் அரித்தார். கேழ்வரகும் மண்ணும் கிட்டத்தட்ட ஒரே அளவு. முறத்தில் புடைத்தால் தூசும் உமியும் போகும், மணல் போகாது. தண்ணீரில் போட்டுக் கையால் அலசி, மேலாக வருவதை அடுத்த பாத்திரத்துக்கு மெல்லச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். ஆறாவது முறை சாய்க்கும்போதும் அடியில் ஒரு சிட்டிகை மணல் நின்றது. எட்டு முறை அரித்தார். ஏழு குடம் தண்ணீர் செலவு. எங்கள் தெருவில் ஏழு குடம் என்பது சாதாரண விஷயம் இல்லை. மெட்ரோ தண்ணீர் நேரத்துக்குத்தான் வரும். அடிபம்பில் வருவது உப்பு. முதல் நான்கு அலசலுக்கு உப்புத் தண்ணீர், கடைசி நான்குக்கு நல்ல தண்ணீர் என்று மருமகளே ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் திட்டத்தில் தண்ணீருக்கு ஒரு வரிகூட இருந்ததில்லை.

பத்து மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி, ஒன்றரை நாளில் முளை வந்தது. மாடியில் காயவைத்து மில்லில் அரைத்தார்கள். மாவு இளஞ்சிவப்பாக, இனிப்பான வாசனையோடு இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

வழக்கம்போல் கரைத்து, புளிக்கவைத்து, நொய் கொதித்ததும் ஊற்றிக் கிண்டினார்கள். முதலில் கொஞ்சம் கெட்டிப்படுவது போல் வந்தது. துடுப்பு கனத்தது. பத்து நிமிடத்தில் அந்தக் கனம் கையைவிட்டுப் போய்விட்டது என்றார் அக்கா. இன்னும் வேகட்டும் என்று அடுப்பைக் குறைத்துவைத்துக் கிண்டினார். இன்னும் இளகியது. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"கிண்டக் கிண்ட எளகுது தம்பி. காத்தால மூடியத் தொறந்தா மேல தண்ணி தனியா நிக்குது. மாவுல ஏதோ கோளாறு."

குண்டானைப் பார்த்தேன். மேலே இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்புத் தண்ணீர். கரண்டியை விட்டுத் தூக்கினால் ரசம் போல வழிந்தது. நாக்கில் வைத்தால் புளிப்போடு ஓர் இனிப்பு. அன்று பாதி விலைக்குக் கொடுத்தார். வாங்கிய ஒருவர், "இன்னாக்கா இது, பத்து மணிக்கே பசிக்கும் போலக்கீதே" என்றார். சரியாகத்தான் சொன்னார். கெட்டி போனால் கூழின் வேலையே போச்சு.

காரணம் தேடியது

மாவில் கோளாறு இல்லை. அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. வெளிநாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் செய்யும் மாற்றமும் இதுவும் ஒரே வகை. அவர்கள் தொடக்கத்தில் மால்ட் சாறு வாங்கிப் பயன்படுத்துவார்கள். முளைகட்டிய பார்லியிலிருந்து யாரோ ஏற்கெனவே இனிப்பை இறக்கி, வடித்து, சுண்டக் காய்ச்சிய பாகு அது. தண்ணீர் கலந்து கொதிக்கவைத்தால் போதும். பிறகு அதை விட்டு முழுத் தானியத்துக்கு மாறுவார்கள். மாறியதும், இதுவரை தொழிற்சாலைக்காரர் எடுத்துவந்த முடிவெல்லாம் இவர்கள் தலையில் வந்து விழும்: எவ்வளவு நறநறப்பாக அரைப்பது, என்ன தண்ணீர், எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வைப்பது. அதிலும் சூடுதான் முக்கியம். உடைத்த மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தை, 65 முதல் 68 டிகிரி வரை உள்ள வெந்நீரில் ஒரு மணி நேரம் போல வைத்திருந்தால், முளைக்கும்போது தானியத்தில் உண்டான நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கிவிடும்.

(தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் பீர் காய்ச்சுவது குற்றம். கூழ் அந்த வகையில் சேராது. அதில் முக்கியமாக நடப்பது தயிர் புளிப்பது போன்ற லாக்டிக் புளிப்பு. ஒப்பிட்டதற்குக் காரணம் தானியத்துக்குள் நடக்கும் வேலை ஒன்றாக இருப்பதுதான்.)

அக்கா தன்னையறியாமல் அதைத்தான் செய்திருக்கிறார். கொதிக்கும் நொய்யில் குளிர்ந்த கரைசலை மொத்தமாகக் கொட்டியதும் குண்டானின் சூடு சட்டென்று இறங்கியிருக்கும். அவ்வளவு பெரிய குண்டான் திரும்பச் சூடேற நேரம் எடுக்கும். கேழ்வரகு மாவு வெந்து கெட்டிப்படத் தொடங்குவதும், நொதிகள் சுறுசுறுப்பாக இருப்பதும் ஏறக்குறைய அதே சூட்டில்தான். வெந்த மாவுச்சத்தை நொதி கையோடு உடைத்துவிட்டது. பாக்கெட் மாவு முளைகட்டாத தானியத்தில் அரைத்தது. அதில் இந்த நொதி பெயருக்குத்தான் இருக்கும். அதனால்தான் பதினாறு வருடத்தில் ஒருநாள்கூட இது நடக்கவில்லை.

இது என் ஊகம்தான் என்று அக்காவிடம் சொன்னேன். "அப்ப செஞ்சு பாத்துடலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு அடுப்பில் மூன்று சட்டி வைத்தோம். ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் தண்ணீர் கொதிக்கவிட்டோம். நூறு கிராம் மாவை 300 மில்லி தண்ணீரில் கரைத்து மூன்று கரைசல் வைத்திருந்தோம். சமையலுக்கான டிஜிட்டல் வெப்பமானி ஒன்று, மருந்துக்கடையில் வாங்கிய டிங்சர் அயோடின் ஒரு குப்பி, ஒரு வெள்ளைச் சாசர். இவ்வளவுதான் கருவி.

முதல் சட்டியில் முளைகட்டிய மாவுக் கரைசலை மொத்தமாகக் கொட்டினோம். வெப்பமானி 67க்கு இறங்கியது. சிறுதீயில் அது 80க்கு ஏற 14 நிமிடம் ஆனது. இரண்டாவதிலும் முளைகட்டிய மாவுதான், ஆனால் தீ பெரிதாக எரிய ஒவ்வொரு கரண்டியாக ஊற்றினோம். சூடு 88க்குக் கீழே இறங்கவே விடவில்லை. மூன்றாவதில் முளைகட்டாத மாவு, மொத்தமாகக் கொட்டியது.

முதல் சட்டி ரசமாக ஓடியது. இரண்டாவதும் மூன்றாவதும் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டி.

மாவுச்சத்து இருந்தால் அயோடின் கருநீலமாகும். கேழ்வரகின் பழுப்பு நிறத்தில் அது தெரியாது என்பதால், ஒரு சொட்டுக் கூழை ஆறவைத்து, நிறையத் தண்ணீரில் கலக்கி, அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்ததைச் சாசரில் எடுத்தோம். இரண்டாவது, மூன்றாவது சட்டிகளில் மை கொட்டியது போல நீலம். முதல் சட்டியில் கொட்டியவுடன் எடுத்த சொட்டு நீலம். 14 நிமிடம் கழித்து எடுத்தது செங்கல் நிறம். மருமகள் சாசரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப மாவு எங்க போச்சுண்ணா?" என்று கேட்டார். முதல் சட்டியில் விரலைத் தொட்டு நக்கிப் பார்க்கச் சொன்னேன். "இனிக்குது" என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

கூழுக்கு முளைகட்டாத கேழ்வரகு. கரண்டி கரண்டியாக ஊற்றினால் முளைகட்டிய மாவிலும் கெட்டிக் கூழ் வரும் என்று இரண்டாவது சட்டி காட்டியது உண்மைதான். ஆனால் பதினைந்து, பதினாறு லிட்டர் குண்டானில், இரண்டு பேர் நின்று, தீ குறையாமல் பார்த்துக்கொண்டு அதைத் தினமும் செய்ய முடியாது. ஒருநாள் கை தவறினாலும் அன்றைய வியாபாரம் போச்சு. சத்து விஷயத்தில் என் மனத்தில் இருந்த உறுத்தலுக்கும் பதில் கிடைத்தது. புளிக்கவைப்பதும் பைட்டேட்டைக் குறைக்கும். அக்காவின் பழைய முறையே அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. நான்தான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மால்ட்டுக்கு முளைகட்டிய கேழ்வரகு. கூழில் கெடுதலாக இருந்த அதே குணம் இங்கே வேண்டியது. மாவைக் கரைத்து 65 முதல் 70 டிகிரிக்குள் இருபது நிமிடம் வைத்து, அப்புறம் கொதிக்கவிடுவது. இளகி, குடிக்கிற பதத்துக்கு வரும், தானாக இனிக்கும். வெல்லம் பாதியாகக் குறைந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். வெல்லம் குறைவு என்பதால் "சுகர் உள்ளவங்களுக்கு நல்லது" என்று எழுதி ஒட்டலாமா என்று அக்காவின் மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். இனிப்பு வெல்லத்திலிருந்து வராவிட்டாலும் மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகித்தான் வருகிறது. சர்க்கரை நோய் உள்ளவர் அதை நம்பித் தினமும் ஒரு டம்ளர் குடித்தால் பாதிப்பு அவருக்குத்தான். அட்டை எழுதப்படவில்லை. கேட்கிறவர்களிடம் அக்காவே சொல்லிவிடுகிறார்: "சக்கர இருந்தா கூழு குடி, அதும் அளவா. மால்ட்டு வேணாம்."

பங்குனி முதல் ஆடி வரை

கூழ் பங்குனியில் சீராகிவிட்டது. வாசனை திரும்பியது. அந்தப் பெரியவர் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது டம்ளர் கேட்டார்.

மில்லில் ஒரு படிப்பினை. முதல் முறை மதியம் கொண்டுபோனபோது எங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தார்கள். ஒரு கிலோ மாவு காரம் ஏறிக் கெட்டது. இப்போது காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போவது, முதலில் ஒரு கைப்பிடி அரிசியை விட்டு மெஷினைத் துடைத்துக்கொள்வது. அரைத்து வரும் மாவு கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அப்படியே மூட்டை கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்கும். பழைய வேட்டியில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவில் போடுவது.

சித்திரை பிறந்ததும் கூழ் புளிப்பு தாறுமாறாக ஏறியது. வெயில் ஒரு காரணம். புதிதாக அரைத்த மாவு பாக்கெட் மாவைவிட வேகமாகப் புளிப்பதும் தெரிந்தது. மாசியில் பதினேழு மணி நேரம் புளித்த கரைசலில் புளிப்பை அளக்கும் பிஹெச் தாள் 4.3 காட்டியது (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). மே மாதம் அதே நேரத்துக்கு 3.7. கெட்டுப்போனதில்லை, ஆனால் வாய் கூசும். அக்கா கரைக்கும் நேரத்தை மாலை ஆறிலிருந்து இரவு பதினொன்றுக்குத் தள்ளினார். பன்னிரண்டரை மணி நேரத்தில் 4.2க்கு வந்து நின்றது. சில நாட்கள் புளிப்பே ஏறாமலும் இருந்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை தூக்கலாக இருந்த நாட்கள் அவை. தண்ணீரைப் பகலிலேயே பிடித்து அகலமான பாத்திரத்தில் திறந்துவைத்து, முந்தைய கரைசலில் ஒரு கரண்டியும் சேர்த்துக் கலந்த பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. தாள் தீர்ந்துபோன பிறகும் அக்காவுக்கு அது தேவைப்படவில்லை. மூடியைத் திறந்து மேலே நிற்கும் நுரையைப் பார்த்து, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவார். நான் மூன்று முறை தாளில் சரிபார்த்தேன். மூன்றும் சரி.

ஆடியில் பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் வார்க்கப் பன்னிரண்டு கிலோ மாவுக்கு ஆர்டர் வந்தது. அக்கா முன்னெச்சரிக்கையாக அதை நான்கு குண்டானாகப் பிரித்துத் தனித்தனியே கிண்டினார். பிரச்சினை எதுவும் வரவில்லை.

ஐப்பசி: பூஞ்சை

மால்ட்டுக்கு வாரம் நான்கு கிலோ முளைகட்டுவது வழக்கமாகியிருந்தது. காய்ந்து அரைத்தால் 3.4 கிலோ மாவு வரும். ஐப்பசியில் தொடர்ந்து மழை. மாடியில் இடம் இல்லை என்று நான்கு கிலோவையும் ஒரே ஈரச் சாக்கில் கட்டி மூலையில் வைத்தார்கள். இரண்டாம் நாள் மருமகள் கையை உள்ளே விட்டபோது நடுவில் வெதுவெதுப்பாக இருந்தது. முளைக்கும் தானியம் மூச்சு விடும், சூடாகும். கனமான குவியலில் அந்தச் சூடு வெளியேறாது. பிரித்துப் பார்த்தால் வெள்ளைப் பஞ்சு.

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். கேழ்வரகு முளையின் வேரில் இயல்பாகவே மெல்லிய வெள்ளைத் தூவி இருக்கும். அது பூஞ்சை இல்லை. வித்தியாசம் இப்படி: வேர்த்தூவி ஒவ்வொரு வேரையும் ஒட்டி ஒரே மாதிரி இருக்கும், தண்ணீர் தெளித்தால் படிந்துவிடும், பச்சை வாசனை தவிர வேறு வாசனை வராது. அன்று சாக்கின் ஓரத்தில் இருந்தது அதுதான். நடுவில் இருந்தது ஒட்டடை போல தானியத்துக்குத் தானியம் இழுத்துக் கட்டியிருந்தது. சாம்பல் கலந்த நிறம். பழைய சுவரின் ஈர வாசனை.

நான்கு கிலோவையும் கொட்டச் சொன்னேன். அக்காவுக்கு மனசு வரவில்லை. "ஓரத்துல நல்லாதான கீது? காய வெச்சு வறுத்தா போயிடும் தம்பி." நல்ல பண்டத்தைக் கொட்டுவது அவருக்குப் பழக்கமில்லை, அவர் வளர்ந்த விதம் அப்படி. ஆனால் வறுத்தால் பூஞ்சை சாகுமே தவிர, சில பூஞ்சைகள் விட்டுச்செல்லும் அஃப்ளாடாக்சின் போன்ற நஞ்சு சமையல் சூட்டுக்கெல்லாம் போகாது. கல்லீரலைக் கெடுக்கும். கண்ணால் பார்த்து எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று பிரிக்கவும் முடியாது. மாலையில் மால்ட் வாங்க வருபவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதிகம். அதைச் சொன்னதும் அக்கா மறுபேச்சு பேசவில்லை. தானே எடுத்துக் கொட்டினார்.

அதன்பின் மாறியவை: ஊறும்போது மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவது, சாக்குக்குப் பதில் மூங்கில் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போடாமல் பரப்பி, ஈரத் துணி போர்த்தி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது, வேர் தானியத்தின் நீளத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுவது. சென்னைச் சூட்டுக்கு அது ஒரே நாளில் வந்துவிடுகிறது, முன்பு போல ஒன்றரை நாள் தேவையில்லை. அடைமழைக் காலத்தில் முளைகட்டுவதே இல்லை என்றும் முடிவானது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மால்ட் விற்பனை நிறுத்தப்பட்டது. வருமானம் குறைந்தது. அந்த முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கணக்கு

மார்கழியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். வாரம் 20 கிலோ கேழ்வரகு, 840 ரூபாய். கல், மண், உமி போக 19 கிலோ; அரைவைக் கூலி கிலோவுக்கு 8 வீதம் 152 ரூபாய். கையில் கிடைக்கும் மாவு 18.7 கிலோ. கிலோ 53 ரூபாய் அடக்கம். பாக்கெட் மாவைவிட 12 ரூபாய் குறைவு. மாதம் 78 கிலோவுக்கு 936 ரூபாய் மிச்சம்.

ஆனால் அரிப்பது, காயவைப்பது, மில்லுக்குப் போவது என்று மருமகளுக்கு வாரம் ஐந்து மணி நேரம் கூடுதல் வேலை. மிச்சத்தை அந்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 47 ரூபாய்கூடத் தேறாது. பணத்துக்காக மட்டும் இதைச் செய்வதாக இருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அக்கா வேறு கணக்கு வைத்திருந்தார். இந்த வருடம் பானையில் மிஞ்சிக் கொட்டிய நாட்கள் நான்கே நான்கு என்றார். முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு நாளாவது மிஞ்சும். மாதம் 936 ரூபாயை மருமகள் கையிலேயே கொடுத்துவிடுவது என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது நான் சொல்லி நடந்ததில்லை.

மறுபடி செய்வதாக இருந்தால்

கூழையும் மால்ட்டையும் ஒரே நேரத்தில் மாற்ற மாட்டேன். முதல் இரண்டு மாதம் கூழுக்கு மட்டும், முளைகட்டாத தானியம் மட்டும். மாவு கைக்குப் பழகிய பிறகு முளைகட்டுவதைத் தொடங்கியிருந்தால் மாசியில் ஒருநாள் வியாபாரம் போயிருக்காது.

எந்தப் புது மாவையும் நூறு கிராம் எடுத்து ஒரு சிறு சட்டியில் வைத்துப் பார்க்காமல் பெரிய குண்டானில் போடக் கூடாது. அந்த மூன்று சட்டிச் சோதனையை நான் முதல் வாரமே செய்திருக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் ஒருநாளும் நான் அப்படி நேரடியாக இறங்க மாட்டேன். தெரிந்தவர் வீடு என்பதால் அலட்சியமாக இருந்துவிட்டேன். அக்காவிடம் இதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன்.

தண்ணீரை முதலில் கேட்பேன். வாரம் எத்தனை குடம் கூடுதலாக வேண்டும், எங்கிருந்து வரும், யார் தூக்குவது என்று. எல்லாக் குடமும் ஒரு பெண்ணின் இடுப்பில்தான் வந்தது.

வெப்பமானியும் பிஹெச் தாளும் பழகும்வரைக்கும்தான் வேண்டும். ஆனால் அந்தப் பழகும் காலத்தில் அவை இல்லாமல் தொடங்கக் கூடாது. மருமகள் ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, எத்தனை மணிக்குக் கரைத்தது, எப்போது கிண்டியது, எப்படி வந்தது என்று நான்கு பத்தி போட்டு எழுதிவருகிறார். சித்திரைப் புளிப்பு மாவினால் வந்ததா வெயிலால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடிந்தது அந்த நோட்டால்தான்.

இந்தத் தையில் கம்பங்கூழும் தொடங்கியிருக்கிறார்கள். கம்பில் கேழ்வரகைவிட எண்ணெய்ச்சத்து அதிகம். அரைத்த மாவு சீக்கிரம் காறிப்போகும். முதல் தடவை அரைத்ததில் பன்னிரண்டாம் நாள் கசப்பு தட்டியது. இப்போது கம்பைத் தானியமாகவே வைத்திருந்து, திங்களும் வியாழனும் இரண்டிரண்டு கிலோவாக அரைக்கிறார்கள். கசப்பு தட்டிய அந்த நாளை நோட்டில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார் மருமகள்.